ஐந்தில் மூன்று

என் மகள் அன்னப்பூரணியைக் கொன்றது பட்டணத்து டாக்குத்தர்தான் என்று ஆறு மாதம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். மெதுவாகவும் சொல்லவில்லை. கிணற்றடியில் சொன்னேன், வட்டை வயலுக்குப் போகிற வழியில் சொன்னேன், கோயில் வாசலில் நின்று சொன்னேன். சீதேவிப்பிள்ளைக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது எங்கள் வவுணதீவில் எல்லாருக்கும் தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்பதால் யாரும் என்னை மறித்துப் பேசவில்லை. மறித்துப் பேசியிருக்க வேண்டிய ஒரே மனிதர் என் புருஷன். அவர் வாயே திறக்கவில்லை.

அவர் பெயர் அழகரத்தினம். கல்குடாப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். திங்கட்கிழமை விடியத் தோணியேறி வாவியைக் கடந்து பட்டணத்துக்குப் போய் ரயில் பிடித்தால், வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் வீடு திரும்புவார். வரும்போது ஒரு கட்டு விடைத்தாள் கொண்டுவருவார். அதைத் திருத்துவது நான். கல்யாணம் முடித்த புதிதில் பொழுது போகாமல் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போடத் தொடங்கி, இரண்டு வருஷத்தில் அவரைவிட வேகமாகப் போட்டேன். வாத்தியார் உத்தியோகம் அவருக்கு, வேலை எனக்கு என்று பகிடி பண்ணுவேன். அவர் சிரிப்பார். அதில் அவருக்குப் பெருமை இருந்தது. எனக்கு அதைவிட அதிகமாக இருந்தது.

எல்லாக் கணக்கிலும் எனக்குப் பிடித்தது தசமத்தைப் பின்னமாக மாற்றுவது. தசமப் புள்ளியை எடுத்துவிட்டுக் கீழே பத்தையோ நூறையோ போட வேண்டும். பிறகு மேலேயும் கீழேயும் ஒரே எண்ணால் வெட்டிக்கொண்டே போனால், இனி வெட்ட முடியாது என்று ஒரு சின்னப் பின்னம் மிஞ்சும். 2.75 என்றால் இரண்டே முக்கால். 4.6 என்றால் நாலும் ஐந்தில் மூன்றும். பிள்ளைகள் சோம்பல்பட்டுப் பத்தில் ஆறு என்று வெட்டாமல் விட்டிருந்தால் இரக்கம் பார்க்காமல் அரை மார்க் குறைப்பேன். அவர் பாவம் பார்க்கச் சொன்னாலும் கேட்க மாட்டேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தேழு கார்த்திகையில் அன்னப்பூரணிக்கு ஆறு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காய்ச்சலும் இருமலும் கண்டது. அன்றைக்கு மழை விட்டிருந்தது. இரண்டு பேருமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாவியைக் கடந்து டாக்குத்தரிடம் போனோம். அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். சளிக்காய்ச்சல், தொடக்கம்தான் என்றார். நான் பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது வெளி விறாந்தையில் இவரோடு நின்று நெடுநேரம் பேசினார்.

பேசியதைத் திரும்பி வருகிற தோணியில் இவர் எனக்குச் சொன்னார். மாரி பிடித்துவிட்டது, காற்றிலும் மழையிலும் பிள்ளையைத் தினமும் தோணியில் இழுத்தடித்தால் நெஞ்சு இன்னும் கெட்டுப்போகும். வீட்டில் வைத்துக் கணகணப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நாளும் காலையில் காய்ச்சலைப் பார்த்து ஒரு கடதாசித் துண்டில் எழுதித் தோணிக்காரனிடம் கொடுத்தால், அதைப் பார்த்து டாக்குத்தர் மருந்து அனுப்புவார். 103.5க்குக் கீழே நின்றால் வீட்டிலேயே இருக்கலாம். அதற்கு மேலே போனால் மழையும் பார்க்கக்கூடாது, காற்றும் பார்க்கக்கூடாது, உடனே கொண்டுவந்துவிட வேண்டும்.

அதற்கென்று மருந்துக்கடையில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கியிருந்தார். அதை ஒரு சின்னத் தகரக் குழாயில் போட்டு என் கையில் தந்தார்.

"கக்கத்துக்குள்ள வெச்சி, கொஞ்ச நேரம் பொறுத்து எடு. இரசம் நிண்ட இடத்திலேயே நிக்கும், இறங்காது. மறுகா பாக்கக்குள்ள உதறிப்போட்டு வெக்கணும். மத்தபடி உனக்கு நான் காட்டித்தரத் தேவல்ல. தசமம் உனக்குத் தண்ணி பட்ட பாடுதானே."

பிள்ளை என் மடியில் கிடந்தாள். அப்படியிருந்தும் அந்தச் சொல் எனக்கு இனித்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் இனித்தது உண்மை.

அந்தக் கிழமை அவருடைய பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. திங்கட்கிழமை மனமில்லாமல்தான் போனார். அன்றைக்குப் பின்னேரமே மழை இறங்கியது. வாவியும் வானமும் ஒரே நிறமாகிவிட்டன.

செவ்வாய்க்கிழமை காலையில் தெர்மாமீட்டரை யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த இரசம் லேசில் கண்ணில் படாது. கண்ணாடியை இப்படியும் அப்படியும் உருட்டினால் ஒரு நூல் மாதிரி தெரிந்து மறையும். 102 என்ற எண்ணைப் பிடித்து, அதிலிருந்து சின்னக் கோடுகளை எண்ணிக்கொண்டு போனேன். இரண்டாவது கோட்டில் இரசம் நின்றது. 102.2 என்று எழுதினேன். சும்மா இருந்தேனா? டாக்குத்தருக்கு என் கெட்டித்தனம் தெரியட்டும் என்று பக்கத்தில் கலப்பெண்ணாகவும் எழுதினேன், 102 1/5 என்று.

பின்னேரம் மருந்துப் போத்தலோடு வந்த தோணிக்காரன் நல்லரத்தினம் சொன்னான். "டாக்குத்தர் துண்டைப் பாத்துச் சிரிச்சாரக்கா. இது வாத்தியார் எழுதினதோ, வாத்தியாரம்மா எழுதினதோ எண்டு கேட்டார்."

புதன்கிழமை 103க்கு மேலே ஒரு கோடு. 103.1 என்று எழுதினேன். வியாழக்கிழமை மூன்று கோடு. 103.3. இதில் வெட்ட ஒன்றும் இல்லை, 103 3/10 என்று பக்கத்தில் போட்டேன். டாக்குத்தர் சொன்னது மூன்றரை. மூன்றரைக்கு இன்னும் இரண்டு கோடு கிடக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

துண்டை வாங்க வந்த நல்லரத்தினம் வாசலில் நனைந்தபடி நின்று உள்ளே எட்டிப் பார்த்தான். அவனுக்கு எழுத வாசிக்கத் தெரியாது.

"அக்கா, பிள்ளைட மூச்சு ஒரு மாதிரி இரிக்கி. விலா உள்ளுக்க போய் வருகுது. நான் படங்கைக் கட்டி மறைச்சிக் கொண்டு போறன். இப்பவே போவமா?"

"மழையில கொண்டு போகப்படாது எண்டு டாக்குத்தர் சொல்லியிரிக்கார் தம்பி. மூண்டரைக்கு மேல போனாத்தான் போகணும். இன்னும் போகல்ல."

"எனக்கு அந்தக் கணக்கு விளங்காதக்கா."

"எனக்கு விளங்கும். நீ துண்டைக் கொண்டு போய்க் குடு."

அவன் போனான். எழுத்துத் தெரியாத அவன் பிள்ளையைப் பார்த்தான். எழுத்துத் தெரிந்த நான் கண்ணாடியைப் பார்த்தேன். அன்று பின்னேரம் டாக்குத்தர் வேறொரு மருந்து அனுப்பினார். இதே மாதிரி நின்றால் பயமில்லை, ஏறினால் மட்டும் தாமதிக்க வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையிலும் மூன்று கோடுதான். மத்தியானமும் பார்த்தேன், மூன்று கோடுதான். ஏறவில்லையே என்று அம்மனுக்குக் கற்பூரம் நேர்ந்தேன். பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "அம்மா, நெஞ்சு நோகுது" என்றாள். அப்பா வந்துவிடுவார் மகள், அப்பா வந்துவிடுவார் என்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அவர் வந்தார். குடையை மடக்கு முன்னமே நான் தெர்மாமீட்டரை நீட்டினேன்.

"நூற்றிமூண்டு தசம் மூண்டு. நேத்தும் இதுதான். ஏறல்ல."

அவர் அதை வாங்கி யன்னலடியில் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"நேத்து என்ன எழுதி அனுப்பின நீ?"

"அதான் சொன்னனே, 103.3."

 அவர் தெர்மாமீட்டரைக் குழாயில் போட்டு அலுமாரியில் வைத்தார். பிள்ளையைப் பாயோடு சுற்றி எடுத்துக்கொண்டு துறைக்கு ஓடினார். செருப்புக்கூடப் போடவில்லை. நான் பின்னால் ஓடினேன். தோணியில் அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. பிள்ளைக்குப் பயந்துதான் அப்படி இருக்கிறார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அன்னப்பூரணி போய்விட்டாள். டாக்குத்தர் எவ்வளவோ பார்த்தார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "நேத்துக் காலையில கொண்டுவந்திருக்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். மூன்றரைக்குக் கீழே வீட்டில் வைத்துப் பார் என்று சொன்னது யார்? அவர்தானே. எழுதி அனுப்பிய துண்டையெல்லாம் பார்த்தது யார்? அவர்தானே. சொன்னபடி நடந்தவள் நான். பிள்ளை போன பிறகு நேற்றுக் காலையில் வந்திருக்கலாம் என்றால் என்ன மனிதர் இவர்? அந்த இடத்திலேயே கத்தினேன். டாக்குத்தர் பதிலுக்கு ஏதோ சொல்ல வந்தார். இவர் அவருடைய கையைப் பிடித்து அப்பால் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதிலிருந்து ஆறு மாதம் என் வாய் ஓயவில்லை. இவர் வெள்ளிக்கிழமைகளில் வருவார், சாப்பிடுவார், படுப்பார். விடைத்தாள் கொண்டுவருவதை நிறுத்தியிருந்தார். கேட்டால், உனக்கு இப்போது அதெல்லாம் வேண்டாம் என்பார். நான் டாக்குத்தரைத் திட்டத் தொடங்கினால் எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவார்.

வைகாசி வந்தது. எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயில் வருஷத்தில் ஒருமுறைதான் கதவு திறக்கும், சடங்குக்கு. கதவு திறக்கிற நாளில் அநியாயம் செய்தவனின் பெயரைச் சொல்லி அம்மன் வாசலில் மண் அள்ளிப் போட்டால் அம்மன் கேட்பாள் என்பது எங்கள் நம்பிக்கை. நான் முற்றத்தில் அன்னப்பூரணி சிரட்டையில் சோறு சமைத்து விளையாடிய இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துச் சீலைத் துண்டில் முடிந்து வைத்தேன். டாக்குத்தரின் பெயரைச் சொல்லிப் போடுவேன் என்று நாலு பெண்களுக்கு முன்னால் சொன்னேன். அவர்களும் கூட வருவதாகச் சொன்னார்கள். கதவு திறப்பது திங்கட்கிழமை.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை இவர் வந்தபோது முடிச்சு மேசையில் இருந்தது.

"என்ன அது?"

சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

"வேணாம் சீதேவி. அந்தாளுக்கும் பிள்ளை குட்டி இரிக்கி."

"எனக்கு இல்லாமப் போச்சே. அப்ப நினைக்கல்லயே அந்தாள்."

 அவர் பையைத் திறந்து ஒரு கட்டு விடைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு.

"இதை ஒருக்காத் திருத்தித் தாவன்" என்றவர், துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

தசமத்தைக் கலப்பெண்ணாக மாற்றுகிற கணக்குகள். வெயில் சாய்ந்து வாசல்வழியாக மேசையில் விழுந்துகொண்டிருந்தது. முதல் மூன்று கணக்கு வழக்கமானவை. நாலாவது கணக்கைப் பிள்ளைகள் எல்லாரும் வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதியிருந்தார்கள்: 'ஒரு பிள்ளையின் காய்ச்சல் 103.6. இதைக் கலப்பெண்ணாக எழுதுக.'

எனக்கு உச்சியில் ஏறியது. பெற்ற பிள்ளை காய்ச்சலில் செத்து ஆறு மாதம்தான் ஆகிறது, அதைப் பள்ளிக்கூடத்தில் கணக்காகப் போட்டிருக்கிறானே, இவன் மனுசனா? அதையும் ஒழுங்காகப் போட்டானா? 103.6 என்று எங்கே இருந்தது? என் பிள்ளையின் காய்ச்சல் 103.3. கடைசி நாள் தன் கையாலேயே பிடித்துப் பார்த்தவருக்கு அதுகூடவா மறந்துபோகும்? முகத்துக்கு நேரே காட்டிக் கேட்க வேண்டும் என்று எழுந்து, அலுமாரியில் இருந்த தகரக் குழாயை எடுத்தேன்.

அன்றைக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. யாரும் உதறவும் இல்லை. கண்ணாடியை வெயிலில் உருட்டினேன். நூல் தெரிந்தது. என் பிள்ளையின் காய்ச்சல் அப்படியே நின்றது.

103ஐப் பிடித்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பார் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம்தான் கண் தானாக இன்னும் மேலே போனது. மூன்றாவது கோட்டுக்கு மேலே ஒரேயொரு சின்னக் கோடு. அதற்கு மேலே 104.

திரும்ப எண்ணினேன். 102க்கும் 103க்கும் நடுவில் எண்ணினேன். 101க்கும் 102க்கும் நடுவில் எண்ணினேன். எங்கேயும் நாலு கோடுதான். நாலு கோடு என்றால் ஐந்து பங்கு. ஒன்பது கோடு எங்கேயும் இல்லை. ஒரு கோடு பத்தில் ஒன்று அல்ல, ஐந்தில் ஒன்று. மூன்று கோடு என்றால் ஐந்தில் மூன்று. ஐந்தில் மூன்று என்றால் தசம் ஆறு.

நான் கீழேயிருந்து இரசம் நின்ற இடம்வரைக்கும்தான் எண்ணியிருக்கிறேன், நாலு நாளும். அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்க்கவில்லை. படித்த கணக்கில் தசமம் என்றால் பத்துத்தான். எந்தக் கோட்டைக் கண்டாலும் பத்தில் ஒன்று என்றே என் கண் எடுத்துக்கொண்டது. கணக்குத் தெரியாத ஒருத்தி என்றால், மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் பாதிக்கு மேலே நிற்கிறது என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லியிருப்பாள்.

வியாழக்கிழமை காலையிலேயே மூன்றரைக்கு மேலே போய்விட்டது. நல்லரத்தினம் வாசலில் நனைந்துகொண்டு நின்றான். படங்கு கட்டித் தருகிறேன் என்றான்.

 இவர் ஈரத்தலையோடு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் கையில் இருப்பதைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"நீ நீட்டின உடனயே. அண்டைக்கே."

"ஆறு மாசம் ஏன் சொல்லல்ல? ஒரு குற்றமும் செய்யாத மனுசனை நான் தெருத்தெருவாத் திட்டக்குள்ள ஏன் கேட்டுக்கொண்டு இருந்த நீங்க?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்டைக்கு விறாந்தையில டாக்குத்தர் தன்ட தெர்மாமீட்டரை எனக்குக் காட்டித் தந்தவர். 'வாத்தியார், ஒரு சின்னக் கோடு தசம் ரெண்டு எண்டு கணக்கு, வீட்டில சொல்லுங்க' எண்டவர். நான் சொல்லல்ல. மறக்கல்ல சீதேவி, மறந்திருந்தாலும் பரவால்ல. என்ட பெண்சாதிக்கு இதெல்லாம் சொல்லத் தேவல்ல எண்டு அவருக்குப் பெருமை அடிச்சிப்போட்டு வந்தன். உன்ட பிழையைச் சொல்ல வாய் எடுத்தா என்ட பிழையையும் சொல்லணும். எனக்கு ஏலாமப் போச்சு."

அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதை யார்மேல் போடுவது என்று தெரியவில்லை. ஆறு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்த இடம் இல்லாமல் போய்விட்டது.

"பாதி என்டது, பாதி உன்டது" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அப்பிடி வெச்சிக்குவம்."

"பாதியா?" என்றேன். "பங்கு போட்டுப் பாருங்க. எனக்கு முழுசாத்தான் வருகுது."

"எனக்கும்" என்றார் அவர்.

மிச்சத் தாள்களைத் தான் திருத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று நானே உட்கார்ந்து திருத்தினேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முப்பத்தேழு பிள்ளைகள் 103 3/5 என்று எழுதியிருந்தார்கள். முப்பத்தேழு தடவை சரி போட்டேன். ஒரு பிள்ளை மட்டும் வெட்டாமல் 103 6/10 என்று விட்டிருந்தது. அதற்கு அரை மார்க் குறைக்க எனக்குக் கை வரவில்லை. நான் எழுதியனுப்பியதைவிட அது சரி. முழு மார்க்கும் போட்டேன்.

திங்கட்கிழமை நான் போக நினைக்கவில்லை. ஆனால் அந்த நாலு பெண்களும் வாசலுக்கே வந்துவிட்டார்கள். ஒருத்தி மேசையில் இருந்த முடிச்சை எடுத்து என் கையில் தந்தாள். வழியெல்லாம் டாக்குத்தரை அவர்கள்தான் திட்டிக்கொண்டு வந்தார்கள், நான் சொல்லிக் கொடுத்த அதே சொற்களில். இவரும் கொஞ்சம் பின்னால் வந்தார்.

பறை அடித்தது, கதவு திறந்தது. சனம் எல்லாம் குரவையிட்டது. பெண்கள் என்னை முன்னுக்குத் தள்ளினார்கள். முடிச்சை அவிழ்த்துக் கையில் மண்ணை எடுத்துக்கொண்டு அம்மனுக்கு முன்னால் நின்றேன். டாக்குத்தரின் பெயரைச் சொல்ல முடியாது. என் புருஷனின் பெயர் தொண்டைவரைக்கும் வந்தது. திரும்பிப் பார்த்தேன், அவர் கூப்பிய கையோடு, சொல் என்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லவில்லை. என் பெயரைச் சொல்லவும் தைரியம் வரவில்லை. பெயர் சொல்லாமல் போட்டால் அந்த மண் யாரைத் தேடிப் போகுமோ என்று பயமாக இருந்தது.

"என்ன மச்சாள், சொல்லிப் போடுங்களன்" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"டாக்குத்தரில ஒரு பிழையும் இல்ல" என்றேன். "பிழை எங்கட வீட்டில."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் மண்ணைத் திரும்பச் சீலையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்து, எடுத்த இடத்திலேயே கொட்டினேன். அவளுடைய சிரட்டைகள் இரண்டு அங்கே வேலியோரம் இன்னும் கிடந்தன. பின்னால் வந்த அவர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வார்த்தார். நான் கையைக் கழுவினேன்.